வாடிக்கையாளர்கள் தனிக்குழு தொடங்கிவிட்டார்கள், என்ன செய்வது?

ஓவியம் வரைகிறவர்களுக்கான நோட்டுகளும் வாட்டர்கலர் தாள்களும் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தம்பியோடு சேர்ந்து நடத்திவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் அவரை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். இப்போது அதில் சுமார் 800 பேர். பேசுகிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். குழுவை உண்மையில் நடத்துவது, எல்லாரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் ஒரு வாடிக்கையாளர். புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்ப்பது, மாதம் ஒருமுறை எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி வரையவைப்பது எல்லாமே அவர்தான். குழுவில் இருப்பவர்கள் மற்ற வாடிக்கையாளர்களைவிட இரண்டு மடங்கு வாங்குகிறார்கள் என்பது வாசகியின் கணக்கு.

ஆறு மாதங்களுக்கு முன் தாள் வாங்கும் இடத்தை மாற்றியிருக்கிறார்கள். புதிய தாளில் வண்ணம் திட்டுத்திட்டாகப் பரவுகிறது என்று ஓர் உறுப்பினர் படத்தோடு எழுதினார். தம்பி அந்தப் பதிவை அழித்துவிட்டு, எழுதியவரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். அடுத்த வாரமே முப்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேறி, நிறுவனத்தின் பெயரை வைத்தே தனிக்குழு ஒன்று தொடங்கிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து அக்காவும் தான் செய்யும் வேலைக்கு மாதாமாதம் பணம் கேட்கிறார். விளம்பரத்தில் தன் ஓவியத்தைப் போட்டதற்கு இன்னொருவர் பணம் கேட்கிறார். ஒரு மார்க்கெட்டிங் நிறுவனமோ, தனியாக ஓர் ஆப் செய்து பாயிண்ட்ஸ் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. “பாசமாக இருந்தவர்கள் ஏன் இப்படி மாறிப்போனார்கள்? எல்லா வாடிக்கையாளர்களையும் குழுவில் சேர்த்து, ஆப் செய்துவிடட்டுமா? அந்தத் தனிக்குழுமீது சட்ட நடவடிக்கை எடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு மிகக் கெட்ட செய்தியாகத் தெரிகிற அந்தத் தனிக்குழுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு நம்பிக்கை தருகிறது. உங்கள் பொருளே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் வேறு நோட்டு வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போயிருப்பார்கள். இவர்கள் உங்கள் நோட்டைப் பற்றிப் பேசுவதற்காகவே மறுபடி கூடியிருக்கிறார்கள். நீங்கள் இல்லாமல் கூடியிருக்கிறார்கள் என்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் வலியையும் நஷ்டத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

“பாசமாக இருந்தவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். யார்மீது பாசமாக இருந்தார்கள்? உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு சொல்லும் காட்சிகளை எடுத்துப் பாருங்கள். ஒருவர் இன்னொருவருக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித்தருகிறார். ஒருவர் வரைந்ததை மற்றவர்கள் பாராட்டுகிறார்கள். மாதம் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து வரைகிறார்கள். எல்லாமே அவர்களுக்குள் நடப்பவை. உங்கள் நிறுவனம் அங்கே வருவது ஆஃபர் அறிவிப்பதற்கு மட்டும்.

2001-இல் ஆல்பர்ட் முனிஸ், தாமஸ் ஓகின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஃபோர்டு பிராங்கோ, சாப் கார்களையும் மேக்கின்டாஷ் கணினியையும் வைத்திருப்பவர்களைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பிராண்ட் சமூகம், அதாவது ஒரே பிராண்டை விரும்புகிறவர்கள் தங்களுக்குள் கூடி அமைத்துக்கொள்ளும் சமூகம், என்ற பேச்சுக்கே அடித்தளம் போட்ட கட்டுரை அது. அப்படிப்பட்ட சமூகத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு என்றார்கள்: ‘நாமெல்லாம் ஒரே மாதிரி ஆட்கள்’ என்ற உணர்வு, தங்களுக்கென்று சில சடங்குகளும் பழக்கங்களும், ஒருவர்மீது ஒருவருக்கு உள்ள தார்மீகப் பொறுப்பு. சாப் கார் ஓட்டுகிறவர்கள் சாலையில் இன்னொரு சாப் காரைக் கண்டால் விளக்கைச் சிமிட்டி வணக்கம் சொல்லிக்கொள்வார்களாம். எந்த விளம்பரத் துறையும் உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவந்த பழக்கமில்லை அது. ஆப்பிள் நிறுவனம் 1998-இல் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை நிறுத்திவிட்டது. அதை வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழுதுபார்க்க ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டும், புது மென்பொருள் எழுதிக்கொண்டும் இருந்தார்கள். தயாரித்த நிறுவனமே கைகழுவிய பிறகும் சமூகம் நின்றது. வாடிக்கையாளர் ஒருவரோடு ஒருவர் கொண்ட உறவுதான் முதலில் வருகிறது. பிராண்டுக்குக் கிடைக்கும் விசுவாசம் அதன் துணை விளைவு. நீங்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

‘இரண்டு மடங்கு வாங்குகிறார்கள்’

இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். குழுவில் சேர்ந்ததால் அதிகம் வாங்குகிறார்களா, முன்பே அதிகம் வாங்குகிறவர்கள் என்பதால் குழுவில் சேர்ந்தார்களா? தினமும் வரைகிற ஒருவருக்கு மாதம் இரண்டு நோட்டு வேண்டியிருக்கும். அவருக்குத்தான் இப்படியொரு குழுவில் சேரவும் ஆசை வரும். உங்களிடம் பில் விவரங்கள் இருக்கின்றன. ஒரே ஆள் குழுவில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டில் எவ்வளவு வாங்கினார், சேர்ந்த பின் எவ்வளவு வாங்கினார் என்று பாருங்கள். அப்புறம், அதே அளவு வாங்கிக்கொண்டிருந்து குழுவில் சேராமல் இருந்தவர்களோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருக்கலாம், ஆனால் இரண்டு மடங்கு இருக்காது என்பது என் ஊகம்.

அதற்காகக் குழுவால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜீப் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக முகாம்கள் நடத்தியபோது, வருவதற்கு முன்னும் போன பின்னும் அவர்களிடம் கேள்விகள் கேட்டு ஆராய்ந்தார்கள். 2002-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கலந்துகொண்டவர்களுக்கு வண்டியோடும், நிறுவனத்தோடும், மற்ற ஜீப்காரர்களோடும் இருந்த நெருக்கம் கூடியது. கரடுமுரடான பாதையில் ஓட்டப் பயந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்த முகாம்கள் அவை. சேர்ந்து எதையாவது செய்து, கொஞ்சம் தேறியவர்களாக வீட்டுக்குப் போனார்கள். உங்கள் மாதாந்தர வரைதல் கூட்டமும் இதே வகைதான். உங்கள் குழுவின் சொத்து அந்தக் கூட்டம். 800 என்ற எண் வெறும் எண்தான்.

எல்லா வாடிக்கையாளர்களையும் குழுவில் இழுத்துப்போட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பாவின் கார் கிளப்புகளைப் பற்றி 2005-இல் வந்த ஓர் ஆய்வு, சமூகத்தோடு ஒன்றிப்போவது ஈடுபாட்டைக் கூட்டுகிறது என்று கண்டது. கூடவே, ‘நீ இதில் கலந்துகொண்டே ஆக வேண்டும்’ என்ற அழுத்தம் வந்தால் மனிதர்கள் முரண்டு பிடிக்கிறார்கள், அது நிறுவனத்துக்கே எதிராகத் திரும்பலாம் என்றும் கண்டது. பேசாமல் இருக்கும் 760 பேரைப் பற்றியும் கவலை வேண்டாம். இணையக் குழுக்களில் பொதுவாக 90 சதவீதம் பேர் வெறுமனே படிக்கிறவர்கள், 9 சதவீதம் எப்போதாவது எழுதுகிறவர்கள், 1 சதவீதம்தான் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2006-இல் எழுதினார். அது தோராயக் கணக்குதான். அதன்படி எப்போதாவது எழுதுகிறவர்களையும் சேர்த்தே 800-இல் எண்பது பேர்தான் வருவார்கள், ஆகவே நாற்பது பேர் பேசுவது மோசமே இல்லை.

தம்பி அழித்த பதிவு

இதைத்தான் நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டும். கடிதத்தில் இந்தச் சம்பவத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். எழுதியவரின் தொனி சரியில்லை, தம்பி அன்று களைப்பாக இருந்தான், அந்த ஆள் எப்போதுமே குறை சொல்கிறவர் என்றெல்லாம் சொல்கிறீர்கள். ஒரேயொரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை: அவர் சொன்னது உண்மையா? புதிய தாளில் வண்ணம் திட்டுத்திட்டாகப் பரவுகிறதா, இல்லையா?

பரவுகிறது என்றால் எந்தச் சமூகமும் உங்களைக் காப்பாற்றாது. வாடிக்கையாளர் சமூகம் என்றாலே எல்லாரும் ஹார்லி டேவிட்சன் கதையைச் சொல்வார்கள். உங்கள் மார்க்கெட்டிங் நிறுவனமும் சொல்லியிருக்கும். 1983-இல், நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் பைக் உரிமையாளர்களுக்கான குழுவைத் தொடங்கியது உண்மை. அந்தக் கதையில் வசதியாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எண்ணெய் ஒழுகும் வண்டி என்று அவர்கள் பெயர் கெட்டுப்போயிருந்தது. குழு தொடங்கிய கையோடு, 1984 மாடல்களில் ‘எவல்யூஷன்’ என்ற புதிய எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். தரம் தேறியது. ஒழுகுகிற எஞ்சினை வைத்துக்கொண்டு ஊர்வலம் மட்டும் நடத்தியிருந்தால் இன்று அந்தக் கதையைச் சொல்ல யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

புகார் சொன்னவர் ஒருவர், முப்பது பேர் ஏன் போனார்கள் என்று கேட்கிறீர்கள். மேலே சொன்ன மூன்றாவது அடையாளத்தை, ஒருவர்மீது ஒருவருக்கு உள்ள பொறுப்பை, நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் உங்களைத் திட்டுவதற்காகப் படம் போட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். குழுவில் இருந்தவர்கள் அதை வேறு மாதிரி பார்த்திருப்பார்கள். ‘இந்தத் தாளில் வரைந்து ஏமாந்துவிடாதீர்கள்’ என்று சக ஓவியர்களுக்கு அவர் எச்சரிக்கை செய்தார். ஒருவருக்கொருவர் பட்டிருந்த கடமை அது. அதை அழித்தபோது, அவர்கள் கூடுவதற்கான காரணத்தையே நீங்கள் தடுத்தீர்கள். தன் தாளில் எந்தக் குறையும் காணாதவர்கள்கூட வெளியேறியது இதனால்தான்.

இனி செய்ய வேண்டியது இது. நீக்கப்பட்டவரைத் தம்பியே போனில் அழைத்துப் பேசட்டும். மன்னிப்பு என்றால் மன்னிப்பாகவே இருக்கட்டும், ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்ற வகை வேண்டாம். பிறகு குழுவில் நீங்கள் எழுதுங்கள்: தாளை எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம், எந்தத் தேதிக்குப் பின் தயாரான நோட்டுகளில் அது இருக்கிறது, குறை கண்டவர்களுக்கு மாற்றித் தருவோமா பணம் திருப்பித் தருவோமா என்று. தாளை மாற்றியதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். எதையெல்லாம் அட்மின் அழிக்கலாம் என்பதையும் வரையறுத்துவிடுங்கள். வசை, விளம்பரக் குப்பை, பிறரின் சொந்த விவரங்கள், இவ்வளவு போதும். பொருளைப் பற்றிய புகார் அந்தப் பட்டியலில் வரவே கூடாது.

அக்கா கேட்கும் பணம்

“அன்பாகச் செய்ததற்கு விலை கேட்கிறாரே” என்று வருத்தப்படுகிறீர்கள். அவர் கோணத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். அவருடைய அன்பு குழுவில் இருப்பவர்கள்மீது. நீங்கள் கொடுக்கும் வேலையோ நிறுவனத்துடையது. உங்கள் கடிதப்படியே, ஆர்டர் தாமதம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், புதிய பொருள் வரும்போது அறிமுகம் எழுதுகிறார், தினமும் மாலை குழுவைக் கவனிக்க வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாளை அவர் நிறுத்திவிட்டால் இந்த வேலைக்கு ஆள் வைப்பீர்களா? வைப்பீர்கள் என்றால் அது தன்னார்வத் தொண்டு இல்லை.

சட்டரீதியாகவும் இது சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் அரட்டை அறைகளைத் தன்னார்வலர்கள் கவனித்துவந்தார்கள். குறிப்பிட்ட நேர ஷிப்ட், அறிக்கை எழுதுவது என்று வேலை ஊழியர் வேலையாகவே மாறிவிட்டது என்று சொல்லி, 1999-இல் முன்னாள் தன்னார்வலர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2010-இல் 1.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே உங்கள் பகுதி வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நேரம் குறித்து, வேலை சொல்லி, கணக்குக் கேட்க ஆரம்பித்தால் ‘அன்பாகச் செய்தார்’ என்ற வாதம் எங்கேயும் அவ்வளவாக நிற்காது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வேலையைத் தெளிவாக எழுதி, பகுதிநேரமாக ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுப்பது. அப்படிச் செய்தால், அவர் நிறுவனத்திடம் பணம் பெறுகிறார் என்பதைக் குழுவில் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், பின்னால் தெரியவந்தால் அவருடைய நல்ல பெயரும் போகும், உங்களுடையதும் போகும். இதில் இன்னொரு இழப்பும் உண்டு: சம்பளம் வாங்கிய பிறகு, தாள் நன்றாக இல்லை என்று அவரால் முன்போல் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி, ஆர்டர், புகார், பொருள் அறிமுகம் ஆகிய நிறுவன வேலைகளை அவரிடமிருந்து எடுத்து உங்கள் ஊழியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வரைதல் கூட்டத்தை மட்டும் அவரிடம் விடுவது. கூட்டத்துக்கு ஆகும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம், தாள்களை இலவசமாகத் தரலாம். நான் இரண்டாவதன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் முடிவு அவருடையதாகவும் இருக்கட்டும். இதுவரை செய்ததற்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு அந்தப் பேச்சைத் தொடங்குவது முறை.

ஓவியமும் பெயரும்

“எங்கள் குழுவில் போட்ட படம்தானே” என்பது தவறான எண்ணம். ஓவியத்தின் பதிப்புரிமை, வரைந்த கணத்திலிருந்தே வரைந்தவருடையது. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளிலும், அதாவது ஏறக்குறைய உலகம் முழுக்க, இதற்காக எங்கும் பதிவுகூடச் செய்யத் தேவையில்லை. உங்கள் தாளில் வரைந்தார் என்பதோ, உங்கள் குழுவில் பகிர்ந்தார் என்பதோ விளம்பரத்தில் போடும் உரிமையை உங்களுக்குத் தராது. அவர் கேட்கும் தொகை நியாயமாக இருந்தால் கொடுத்து முடித்துவிடுங்கள். இனிமேல் ஒவ்வொரு படத்துக்கும் எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொம்மைக் கட்டைகள் தயாரிக்கும் லெகோ நிறுவனத்தில் ரசிகர்கள் தங்கள் வடிவமைப்புகளை அனுப்பும் திட்டம் ஒன்று இருக்கிறது. 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் பரிசீலிக்கும். விற்பனைக்கு வந்தால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம். தொகை பெரிதா சிறிதா என்பது வேறு விவாதம். அங்கே எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்புக்கு இடமில்லை.

தனிக்குழு உங்கள் பெயரைப் பயன்படுத்துவது பற்றி: ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பொருளைக் குறிப்பிட அதன் பெயரைச் சொல்வது பொதுவாக வணிகக்குறி மீறல் ஆகாது. நிறுவனமே நடத்தும் குழு என்று நம்பவைத்தாலோ, உங்கள் பெயரையும் லோகோவையும் போட்டு எதையாவது விற்றாலோதான் பிரச்சினை. அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் சொல்லவில்லை. நோட்டீஸ் அனுப்பினால் அது அரை மணி நேரத்தில் இரண்டு குழுக்களிலும் சுற்றும். ‘இது வாடிக்கையாளர்கள் நடத்தும் குழு’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளும்படி மரியாதையாகக் கேளுங்கள். சேர்த்துவிட்டார்கள் என்றால் அதோடு விடுங்கள். உள்ளே நுழைய வேறு பெயரில் ஆள் அனுப்பும் யோசனையைத் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து அது மட்டும் வேண்டாம்.

ஆப்

இப்போது வேண்டாம். பதிவு போட்டால் பாயிண்ட்ஸ் என்றால் பதிவுகள் வரும். ‘காலை வணக்கம்’ நானூறு வரும். வாங்குவதற்குப் பாயிண்ட்ஸ் தருவது தப்பில்லை, ஆனால் அது தள்ளுபடியின் இன்னொரு வடிவம். அடுத்த கம்பெனி அதிகம் தள்ளினால் அங்கே போவார்கள். பின்னாளில் செய்தே தீர வேண்டும் என்று தோன்றினால், ஒப்பந்தத்தில் உறுப்பினர் விவரங்கள் யாருக்குச் சொந்தம், மார்க்கெட்டிங் நிறுவனத்தோடு உறவு முறிந்தால் அவை என்ன ஆகும் என்ற பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆப்பைவிட அவசரமானது ஒன்று: இப்போதைய குழுவில் 800 பேரின் போன் எண்ணும் ஒருவருக்கொருவர் தெரியும். அதற்குச் சம்மதம் கேட்டுத்தான் சேர்த்தீர்களா? இல்லையென்றால் இன்றே ஓர் அறிவிப்புப் போட்டு, விருப்பமில்லாதவர்கள் வெளியேறலாம் என்றும் ஆர்டர் விவரங்கள் அவர்களுக்குத் தனியாக வரும் என்றும் சொல்லுங்கள்.

அடுத்த வரைதல் கூட்டத்துக்கு நீங்களும் தம்பியும் போங்கள். தனிக்குழுவினருக்கும் அக்கா வழியாக அழைப்பு போகட்டும். பழைய தாளில் கொஞ்சம், புதிய தாளில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய், எது எது என்று சொல்லாமல் எல்லாருக்கும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். எந்தத் தாளில் வண்ணம் எப்படி உட்கார்ந்தது என்று அவர்கள் சொல்வதைத் தம்பி கையாலேயே எழுதிக்கொள்ளட்டும். தாள் கொடுக்கும் புதிய இடத்தோடு தொடர்வதா வேண்டாமா என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதன் பிறகு மார்க்கெட்டிங் நிறுவனத்துக்குப் பதில் எழுதினால் போதும்.